நான்கு பாகை

வில்வித்தை கற்பித்த ஆசான் ஒருவர் தம் மாணாக்கரை வரிசையாக நிறுத்தி, மரக்கிளையிலிருந்த பறவையைக் காட்டி, “என்ன தெரிகிறது?” என்று வினவிய கதையை நாம் எல்லோரும் சிறுவயதிற் கேட்டிருக்கிறோம். மரத்தையும் கிளையையும் கண்டவர்கள் வில்லைக் கீழே வைத்தார்கள். பறவையின் கண்ணை மட்டும் கண்டவன் வில்லாளியானான். குறி பார்த்தல் பற்றி நம்மவர் மனத்தில் ஊறிப்போயுள்ள எண்ணம் பெரும்பாலும் இக்கதை தந்ததே எனலாம்.

ஆயினும், கரம் பலகையின் முன் சப்பணமிட்டு அமர்ந்தவனுக்கு இக்கதை உதவாது. காயை மட்டும் பார்ப்பவனுக்குக் காய் விழுவதில்லை. அம்பு முனையுடையது, ஸ்ரைக்கரோ அகலமுடைய வட்டு. அதன் மையம் காயின் மையத்தை ஒருபோதும் சென்றடையாது. விளிம்பு விளிம்பைத் தொடும் கணத்தில் ஸ்ரைக்கரின் மையம் காய்க்கு வெளியே, எதுவுமே இல்லாத ஓரிடத்தில் நிற்கும். ஆட்டக்காரன் குறி வைக்க வேண்டியது அந்த வெற்றிடத்துக்கே. கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தைக் கண்டுகொள்ளுதல் எவ்வாறு? இதற்கு மனிதர் கண்ட வழிகள் சில. அவற்றுள் எது சிறந்தது என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தீராமற் கிடந்தது. அது தீர்ந்த விதத்தைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி வழியாகப் பருத்தித்துறை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்தது எங்கள் புத்தூர். சிவந்த மண்; வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளையும் தோட்டங்கள். அயலிலே நிலாவரைக் கிணறு. ஆழங்காண முடியாதது என்று ஊரார் நம்பிய அக்கிணற்றினுள் கல்லைப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்ற பருவத்திலேயே எனக்குக் கரம் விளையாட்டும் அறிமுகமாயிற்று. எங்கள் வாசிகசாலையில் மாலையிற் பத்திரிகை பார்ப்போர் ஒருபுறம், கரம் பலகையைச் சூழ்ந்திருப்போர் மறுபுறம். 1990 இன் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெயோ மருந்துபோற் கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையுமளவு மட்டும் எண்ணெய் விட்டு எரித்த விளக்கொன்று பலகையின் மூலையில் இருக்கும். ஒருவர் அடிக்கும்போது மற்றொருவர் விளக்கைத் தூக்கிப் பிடிப்பார். பவுடர் கிடைக்காத நாட்களில் அரிசிமாவை மெல்லிய சீலையில் அரித்துத் தூவினோம். எறும்புக்கு அதனால் வாழ்வு வந்தது. ஆட்டத்துக்கு ஒரு குறையும் வரவில்லை.

அந்தப் பலகையைச் செய்தவர் என் பெரியப்பா. தச்சுவேலை அவருக்குத் தொழில். இளவயதில் உளி தெறித்து அவருடைய இடக்கண் போய்விட்டது. ஒற்றைக் கண்ணரான அவரே ஊரிற் சிறந்த கரம் ஆட்டக்காரராகவும் விளங்கினார். இது எப்படி என்று ஒருநாட் கேட்டேன். “தம்பி, பலகையிலை மட்டம் பாக்கேக்கை எல்லாரும் ஒரு கண்ணை மூடித்தானே பாக்கினம். எனக்கு மூடுற வேலை மிச்சம்” என்றார்.

ஸ்ரைக்கரும் அவர் கைவண்ணமே. கடையில் வாங்கியது உடைந்துபோக, எருமைக் கொம்பொன்றை அறுத்து, அராவி, கண்ணாடித்துண்டாற் சுரண்டி, வாழையிலைச் சருகால் மினுக்கி ஒரு வட்டைச் செய்து தந்தார். அதன் விட்டம் எவ்வளவு என எவரும் அந்நாளில் அளக்கவில்லை. கொம்பின் பருமன் எவ்வளவோ, ஸ்ரைக்கரின் பருமனும் அவ்வளவே.

எங்கள் வாசிகசாலையில் மூவகைக் குறிபார்த்தல் நிலவியது. முதலாவதைப் பழக்கக் கண் என்று சொல்லலாம். இவர்களிடம் முறை என்று எதுவும் இல்லை. ஆயிரம் தடவை அடித்த கை, ஆயிரத்தோராவது தடவையும் தானாகவே செல்லும். “எப்படி அடித்தாய்?” என்று கேட்டால் சிரிப்பார்கள். விழுந்தால் தொடர்ந்து விழும். விழாமற் போகத் தொடங்கினாலோ, ஏன் விழவில்லை என்று அறிய வழியில்லாமல், அன்றைய நாளைச் சபித்துவிட்டு எழுந்து போவார்கள். ஊரில் மிகப் பலர் இவ்வகையினரே.

இரண்டாவது, பெரியப்பாவின் நூல். பழக்கும்போது அவர் மெய்யாகவே நூலை வைத்துக் காட்டுவார். குழியின் நடுவிலிருந்து காயின் நடுவால் ஒரு நூலைப் பிடிக்க வேண்டும். காயைக் கடந்து அந்நூல் அதன் பின்விளிம்பை வெட்டும் இடம் ஒரு புள்ளி. பின்னர், முதல் நூலுக்குச் சமாந்தரமாக ஸ்ரைக்கரின் நடுவால் இன்னொரு நூல். அது ஸ்ரைக்கரின் முன்விளிம்பை வெட்டும் இடம் மற்றப் புள்ளி. இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் திசையே அடிக்க வேண்டிய திசை. “இந்தப் புள்ளி போய் அந்தப் புள்ளியைக் கொஞ்சவேணும், அவ்வளவுதான்” என்பார். இம்முறையில் வெற்றிடத்தைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை. கண்முன் இருக்கும் இரண்டு விளிம்புகளில் இரண்டு புள்ளிகளைக் கண்டால் போதும். ஆனால் சமாந்தரத்தைக் கண்ணாற் பிடிப்பது எளிதன்று. அதற்குத் தச்சரின் கண் வேண்டும். மேலும், ஒவ்வொரு முறையும் புதிதாக நூல் பிடிக்க வேண்டியிருத்தலால் நேரமும் செல்லும். பெரியப்பா ஒரு காயை அடிப்பதற்குள் விளக்குப் பிடிப்பவரின் கை மாறிவிடும்.

மூன்றாவது முறையைக் கொண்டுவந்தவர் கணித ஆசிரியர் ஒருவர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைத்தோம். அவர் காய்க்குப் பின்னால், குழிக்கு நேர் எதிர்ப்புறமாக, ஸ்ரைக்கரை ஒட்டவைத்து அதனைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் கீறுவார். “இதுதான் நிழல் ஸ்ரைக்கர். உன்னுடைய ஸ்ரைக்கர் இந்த வட்டத்துக்குள் வந்து உட்காருமானால், காய்க்குக் குழியைத் தவிர வேறு போக்கிடம் இல்லை” என்பார். அதன் காரணத்தையும் விளக்குவார். இரு வட்டுகள் மோதும்போது உந்துவிசை அவற்றின் மையங்களை இணைக்கும் நேர்கோட்டின் வழியே செல்கிறது. ஆகவே ஸ்ரைக்கர் எத்திசையிலிருந்து வந்தாலும், தொடும் கணத்தில் அது நிற்கும் இடமே காயின் திசையை முடிவு செய்கிறது. பல இரவுகள் பென்சில் வட்டத்தோடு பழகியபின், வட்டத்தை அழித்துவிட்டு விளையாட வேண்டும். அப்போது வட்டம் பலகையில் இராது. நம் மனத்தில் இருக்கும்.

எனக்கு இம்முறை உடனே பிடித்துப்போயிற்று. என் அண்ணருக்குப் பிடிக்கவில்லை. என்னிலும் ஐந்து வயது மூத்த அவர் பெரியப்பாவிடம் தச்சுவேலை பழகிக்கொண்டிருந்தார்; நூல்முறையிலேயே அவருக்கு நம்பிக்கை. “இல்லாத ஒண்டைப் பாத்து அடிக்கிறது என்ன விளையாட்டு?” என்று கேலி செய்வார். நூலும் இல்லாததுதானே என்று நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன். இருவரும் கூறிய இடம் உண்மையில் ஒன்றேயென்பது இன்று விளங்குகிறது. நூலின் வழியே சென்ற ஸ்ரைக்கர் இறுதியில் மாஸ்ரரின் வட்டத்துக்குள்ளேதான் சென்று நிற்கும். ஒரே வீட்டுக்கு இரண்டு படலைகள். ஆனால் பதினேழு வயதில் அவ்வாறு எண்ணத் தோன்றுமா?

1994 ஆம் ஆண்டில் அயலூர் வாசிகசாலையொன்று கரம் சுற்றுப்போட்டி நடத்தியது. இரட்டையர் ஆட்டத்தில் அண்ணரும் நானும் ஒரு சோடி. எதிரெதிரே அமர்ந்து இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். கடைசிப் பலகையில் எங்களுக்கு ஒரு காய், அவர்களுக்கு ஒரு காய், முறை என்னுடையது. கரத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு பெரும் சலுகை உண்டு. அடிகோட்டின் வழியே ஸ்ரைக்கரை வேண்டிய இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளலாம். ஆதலின் பெரும்பாலான காய்களை நேராக அடித்துவிடலாம். அன்றோ நேர்வழியை எதிரணியின் காய் மறித்து நின்றது. சரிவாக, அரைச் செங்கோணமளவு வெட்டி அடித்தால் மட்டுமே எங்கள் காய் குழிக்குச் செல்லும். எத்தனையோ இரவுகள் பழகிய வெட்டு அது. நிழல் வட்டம் பென்சிலாற் கீறியதுபோலத் தெளிவாக என் மனத்தில் நின்றது. அடித்தேன். ஸ்ரைக்கர் நான் நினைத்த வழியிலேயே சென்றது. காயோ குழிக்கு ஏறத்தாழ இரண்டு விரல் இப்பால், சட்டத்தில் மோதித் திரும்பியது. அடுத்த அடியில் அவர்கள் முடித்துவிட்டார்கள்.

திரும்பிவரும் வழியில் அண்ணர் சைக்கிளை மிதித்துக்கொண்டே ஒன்றைச் சொன்னார். “மாஸ்ரரின்ரை படத்தைப் பாத்து அடிச்சாய். நூலைப் பிடிச்சிருந்தால் விழுந்திருக்கும்.” அவ்வளவே. பின்னாலிருந்த நான் ஒன்றும் பேசவில்லை. தோல்வி பெரிதாகத் தோன்றவில்லை. நான் நம்பிய முறை பொய்த்துவிட்டதென்று அவர் சொன்னதும், பொய்க்கவில்லையென்று நிறுவ என்னிடம் எதுவும் இல்லாததுமே என்னைச் சுட்டன.

மறுநாட் காலையிற் பெரியப்பாவின் பட்டறைக்குச் சென்று நடந்ததைச் சொன்னேன். உளி தீட்டிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல், “எந்த ஸ்ரைக்கராலை அடிச்சனீ?” என்று கேட்டார். “அவையின்ரைதான், கடையிலை வாங்கினது” என்றேன். “ம்” என்றார். உளி மீண்டும் கல்லில் உரசத் தொடங்கியது. நான் தோற்றுவந்து நிற்கிறேன், இவர் ஸ்ரைக்கரை விசாரிக்கிறார் என்று எனக்கு மனத்தாங்கல். மேற்கொண்டு எதுவும் கேளாமல் வந்துவிட்டேன்.

1995 தொடக்கத்தில் அண்ணர் கிளாலிக் கடலேரியைக் கடந்து கொழும்புக்குப் போனார், அங்கிருந்து கனடாவுக்கு. போகும்போதும் அந்தக் காயைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேசுவதற்கு அதைவிடப் பெரிய விடயங்கள் இருந்தன. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஊரே பெயர்ந்தது. சாமான்களைக் கட்டும்போது கரம் பலகையை எடுக்க எவருக்கும் தோன்றவில்லை. கொம்பு ஸ்ரைக்கரை மட்டும் பெரியப்பா வேட்டித் தலைப்பில் முடிந்துகொண்டார். தென்மராட்சியில் ஒரு மாமரத்தின் கீழ்ச் சில மாதங்கள் இருந்தோம். அங்கேயே அவர் காலமானார். 1996 இல் நாங்கள் ஊர் திரும்பியபோது வாசிகசாலையின் சுவர்கள் நின்றன, பலகை இல்லை. ஸ்ரைக்கர் என் சட்டைப்பையில் இருந்தது.

ரொறன்ரோவிற் கரம் பலகைகள் இல்லாமலில்லை. ஆனால் அண்ணருக்கு வாய்த்தது பூல் மேசை. இரவு வேலை முடிந்து வருவோர் கூடும் மண்டபமொன்றில் அவர் அதனைப் பழகினார். தொலைபேசியில் என்னோடு பேசும்போது பூல் பற்றியே அதிகம் சொல்வார். கரத்தின் பேச்சை இருவரும் எடுப்பதில்லை.

பூல், ஸ்நூக்கர், பிலியட் ஆகியன யாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இக்குடும்பம் நமக்கு அந்நியமானதன்று. 1973 இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பிலியட் போட்டியில் வெற்றிவாகை சூடியவர் இலங்கையரான மொகமட் லாபீர். ஸ்நூக்கரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரித்தானிய இராணுவ அலுவலரிடையே பிறந்தது. நீலகிரியில் உள்ள உதகமண்டலத்து ஆங்கிலேயர் கழகத்தோடு அதன் ஆரம்பகால வரலாறு பிணைந்துள்ளது. பந்துகளின் ஓட்டத்தைக் கணித முறையில் ஆராய்ந்த பெருநூலைப் பிரெஞ்சு அறிஞர் கொரியோலி 1835 இலேயே வெளியிட்டார். கரமும் இவ்வகையிற் குறைந்ததன்று. சர்வதேசக் கரம் சம்மேளனம் 1988 இல் நிறுவப்பட்டது சென்னையிலேயே. அந்நகரத்து மரிய இருதயம் உலக வாகையர் பட்டத்தை இருமுறை வென்று, 1996 இல் இந்திய அரசின் அருச்சுனா விருதையும் பெற்றார். கட்டுரையின் தொடக்கத்தில் வந்த வில்லாளியின் பெயரால் வழங்கும் விருது, காயைப் பார்க்காமல் வெற்றிடத்தைப் பார்த்தவருக்குக் கிடைத்தது பொருத்தமே.

பூல் மேசையில் அண்ணர் கற்றது பின்னமுறை. அங்கே அடிக்கும் பந்தும் அடிபடும் பந்தும் ஒரே அளவின, விட்டம் 57.15 மில்லிமீற்றர். அடிக்கும் பந்தின் மையத்தை மற்றப் பந்தின் விளிம்புக்கு நேராகச் செலுத்தினால், பார்வைக்கு ஒரு பந்து மற்றதன் பாதியை மறைக்கும். இதனை அரைப்பந்து என்பர். அப்போது அடிபட்ட பந்து 30 பாகை விலகிச் செல்லும். முக்காற்பங்கு மறைத்தால் விலகல் ஏறத்தாழ 14 1/2 பாகை; காற்பங்கு மட்டும் மறைத்தால் ஏறத்தாழ 48 1/2 பாகை. இம்மூன்றையும் மனத்திற் பதித்துக்கொண்டு, இடைப்பட்டவற்றை மதிப்பிட்டு அடிக்கலாம். நிழற்பந்தைக் கற்பனை செய்ய வேண்டாம், சமாந்தரமும் வேண்டாம். விளிம்பு என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவது. ஆகவே அரைப்பந்து அடியிற் குறி தளம்புவதில்லை. பூல் ஆடுபவர் நாடியைக் கோலுக்கு மிக அருகே தாழ்த்தித் துப்பாக்கியால் நோக்குவதுபோல நோக்குவதால், ஒரு பந்து மற்றதை எவ்வளவு மறைக்கிறது என்பதை நன்கு காணமுடிகிறது. கரம் ஆடுபவரோ நிமிர்ந்து அமர்ந்து பலகையை மேலிருந்து ஒரு தேசப்படத்தைப்போலப் பார்க்கிறார். அவருக்கு வட்டங்களும் கோடுகளும் தெரியும். மறைப்பு அவ்வளவாகத் தெரியாது. மாஸ்ரரின் வட்டமும் பெரியப்பாவின் நூலும் கரத்துக்கு இயல்பாக அமைந்தமைக்கு இதுவே காரணம் என எண்ணுகிறேன்.

2024 இல் அண்ணர் ஊருக்கு வந்தார். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் மாறவில்லை. என் மகளுக்கென வாங்கிய கரம் பலகை விறாந்தையில் இருந்தது. இரண்டாம் நாள் மாலை, கேளாமலே அதன்முன் வந்து அமர்ந்தார். நானும் எதிரே அமர்ந்தேன்.

நேரடிகளில் அவருக்குப் பழைய கை அப்படியே இருந்தது. சரிவான காய்களே வசப்படவில்லை. 30 பாகை அளவான வெட்டு ஒன்று வந்தது. “இது அரைப்பந்து” என்று சொல்லி, ஸ்ரைக்கரின் மையத்தைக் காயின் விளிம்புக்கு நேராகச் செலுத்தினார். காய் குழிக்கு இப்பால் மோதியது. மீண்டும் அதேபோல வைத்து அடித்தார். அதே இடத்தில் மோதியது. மூன்றாம் முறையும் அதே. “கை போச்சுது, தம்பி. வயது” என்றார்.

எனக்கு அப்போது ஓர் எண்ணம் உதித்தது. கை பிழைத்தால் காய் ஒருமுறை இப்பாலும் ஒருமுறை அப்பாலும் அல்லவா போக வேண்டும்? மூன்று முறையும் ஒரே பக்கத்தில், ஒரே அளவிற் பிழைப்பது கையின் தளர்ச்சியாக இராது. கணக்கிலே எங்கோ ஒரு பிழை இருக்கிறது. “அண்ணை, கொஞ்சம் பொறுங்கோ” என்று சொல்லி, மகளின் பெட்டியிலிருந்து வேணியர் இடுக்கியையும் கொப்பியையும் எடுத்துவந்தேன். நான் தமிழ் கற்பிப்பவன்; கணிதம் மாஸ்ரரிடம் இரவலாகப் பெற்றது. ஆயினும் இக்கணக்குக் கடினமானதன்று.

நியம அளவின்படி கரம் காயின் விட்டம் 3.18 சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். ஸ்ரைக்கரின் விட்டம் 4.13 சென்ரிமீற்றரை விஞ்சலாகாது. எங்களிடமிருந்தவை ஏறத்தாழ அவ்வளவே. இரண்டும் தொடும்போது மையங்களுக்கிடையேயான தூரம் இரு ஆரைகளின் கூட்டுத்தொகை. அஃதாவது ஏறத்தாழ 3.65 சென்ரிமீற்றர். பூலில் விளிம்பைக் குறிவைத்தால் விலகல் தூரம் மைய இடைத்தூரத்திற் சரிபாதி. ஆகவே 30 பாகை. கரத்தில் விளிம்பைக் குறிவைத்தால் விலகல் தூரம் காயின் ஆரையாகிய 1.59, அதனை 3.65 ஆல் வகுக்கப் பாதி வராது, 0.435 வரும். அதற்குரிய கோணம் 26 பாகைக்குச் சற்றுக் குறைவு. 30 பாகை வேண்டிய இடத்தில் அண்ணரின் காய் 26 பாகையே திரும்பியது. நான்கு பாகை! ரொறன்ரோவில் ஒரேயளவான பந்துகளுக்குப் பிறந்த கணக்கை, அளவொவ்வாத வட்டுகளின் மேல் அவர் சுமத்தியிருந்தார். வட்டுகள் அதற்கு உடன்படவில்லை.

இதனைச் சொன்னபோது அண்ணர் வாய்விட்டுச் சிரித்தார். “அப்ப கை போகேல்லை” என்றார். சிரிப்பு அடங்கியபின், எதையோ தேடுவதுபோலப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியப்பாவின் குரல் அப்போதுதான் என் காதிற் கேட்டது: “எந்த ஸ்ரைக்கராலை அடிச்சனீ?”

எழுந்து உள்ளே போய், அலுமாரியின் அடித்தட்டிலிருந்து கொம்பு ஸ்ரைக்கரை எடுத்துவந்தேன். முதன்முறையாக அதனை அளந்தேன். விட்டம் 3.6 சென்ரிமீற்றர். நான் இரவிரவாகப் பழகிய நிழல் வட்டம் இந்தச் சிறிய வட்டினுடையது. அதன் மையம் காயின் மையத்திலிருந்து 3.39 சென்ரிமீற்றர் தூரத்தில் இருந்தது. சுற்றுப்போட்டியன்று என் கையிற் கிடைத்ததோ கடையில் வாங்கிய ஸ்ரைக்கர். நியம அளவினது என்றே கொள்ளலாம். பெரிய வட்டு, சிறிய வட்டுக்குக் கீறிய வட்டத்துக்குள் எவ்வாறு சென்று அமரும்? அங்கே போய்ச் சேருமுன்பே அது காயைத் தொட்டுவிடும். கொப்பியில் மீண்டும் கணக்கிட்டேன். 45 பாகைக்கு வைத்த குறி, அந்த ஸ்ரைக்கரில் ஏறத்தாழ 41 பாகையே தரும். இங்கும் நான்கு பாகை! 40 சென்ரிமீற்றர் தூரம் ஓடும் காயை நான்கு பாகை ஏறத்தாழ 2.8 சென்ரிமீற்றர் விலக்கிவிடும். குழியின் விட்டமோ 4.45 சென்ரிமீற்றர்தான், அதன் நடுவுக்கு வைத்த காய் 2.8 சென்ரிமீற்றர் விலகினால் விளிம்பையும் தாண்டிவிடும். இரண்டு விரல் இப்பால் அது சட்டத்தில் மோதியதன் காரணம், முப்பது ஆண்டுகளின்பின் மகளின் கொப்பியிற் கிடைத்தது.

அண்ணர் சொன்னது ஒருவகையிற் சரியே. நூலைப் பிடித்திருந்தால் அந்தக் காய் விழுந்திருக்கும். நூல்முறை, பலகையில் அக்கணத்தில் இருக்கும் காயையும் ஸ்ரைக்கரையும் பார்த்துப் புள்ளிகளைக் காண்பது. ஸ்ரைக்கர் பெரிதாயினும் சிறிதாயினும் அதன் முன்விளிம்பு எங்கேயோ அங்கேதான் புள்ளி. அளவு மாறினாலும் முறை மாற வேண்டியதில்லை. ஆனால் மாஸ்ரரின் முறையும் பொய்க்கவில்லை. அவர் சொன்னது, “உன்னுடைய ஸ்ரைக்கர் இந்த வட்டத்துக்குள்” என்பதன்றோ? கையிலுள்ள ஸ்ரைக்கரை ஒருமுறை காய்க்கு அருகிற் கண்ணாற் பொருத்திப் பார்த்திருந்தால் வட்டமும் பெருத்திருக்கும். நான் விதியை விட்டுவிட்டு, அதற்கு உதாரணமாகக் கீறிய படத்தை மட்டும் அயலூருக்குக் காவிச் சென்றேன். முப்பது ஆண்டுகளின் பின், கடல் கடந்து போய்வந்த அண்ணரும் அதனையே செய்தார். அவரிடம் என்னைக் கண்டேன். சொல்லிக்காட்ட மனம் வரவில்லை.

ஆகவே, எந்த முறை சிறந்தது என்று மாணவர் எவரேனும் கேட்பின் என் விடை இது. பழக்கக் கண் விரைவானது. பிழைத்தாற் காரணம் சொல்லாது. பின்னமுறை ஒரேயளவான பந்துகளுக்கு மிகப் பொருந்துவது. கரத்துக்கு வந்தால் புதிய எண்கள் வேண்டும். நிழல்முறை விளங்குவதற்கு எளிது. கைக்கு வந்த ஸ்ரைக்கரின் அளவோடு அதனை ஒவ்வொரு முறையும் ஒத்துப்பார்க்க வேண்டும். நூல்முறை எங்கும் செல்லும். பழகுவதற்குப் பொறுமை வேண்டும். இவை எவையும் கையின் தவறைத் தடுக்கமாட்டா. தொடும் இடத்தில் ஒரு மில்லிமீற்றர் பிழைத்தால், நேரடியிற்கூட 50 சென்ரிமீற்றர் ஓடிய காய் 1.3 சென்ரிமீற்றருக்கு மேல் விலகிவிடும். தொடும் விளிம்புகளின் உராய்வு வேறு, வெட்டி அடித்த காயைச் சற்றே இழுத்துச் செல்லும். இத்தனைக்கும் நடுவே காய் விழுவது பயிற்சியால். அப்படியாயின் முறை எதற்கு? விழாத காயைப் பற்றிப் பேசுவதற்கு. முறையுடையவன் தன் பிழையை அளக்கலாம், பெயரிடலாம், பிறரோடு சேர்ந்து ஆராயலாம். எங்களுக்கு முறை இருந்தது. அளந்து பார்க்கத்தான் முப்பது ஆண்டுகள் ஆயின. அன்று பட்டறையில் ஒரு கேள்வி மேலே கேட்டிருந்தால், ஒருவேளை ஒரு நாளில் முடிந்திருக்கும்.

பெரியப்பா கேட்ட கேள்வியை அன்றுதான் அண்ணருக்குச் சொன்னேன். அவர் கொம்பு ஸ்ரைக்கரை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பெருவிரலால் நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். “அவர் அண்டைக்கே கண்டிட்டார், என்ன?” என்றார். “ஓம் அண்ணை” என்றேன். “அந்தப் பேச்சை நான் அண்டைக்குச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். நான் அதற்கு விடை சொல்லவில்லை. விளக்கைச் சற்று அருகில் நகர்த்தி வைத்தேன். மின்விளக்கு எரிந்துகொண்டிருந்தபோதும் கை தானாகவே மேசைவிளக்கை நாடிற்று.

பிறகு அவர் கொம்பு ஸ்ரைக்கரை அடிகோட்டில் வைத்தார். பெரியப்பாவைப்போலவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, குழிக்கும் காய்க்கும் ஸ்ரைக்கருக்கும் இடையே நூல் பிடித்தார். நெடுநேரம் பிடித்தார். அடித்தார். காய் இம்முறை குழிக்கு அப்பால், மற்றப் பக்கத்தில் மோதியது.

“இது கை” என்றார் அண்ணர். இருவரும் சிரித்தோம். காயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தேன்.